தைத்த நரம்புக்கு ஸ்டீராய்டு ஊசி வேண்டுமா?

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்சில் ஆற்றிய பொது மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். கத்தியோ கண்ணாடியோ கிழித்து, கை நரம்பைத் தைத்துக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்பது இது: "டாக்டர், ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா சீக்கிரம் ஆறிடுமா?" தோள்பட்டை வலிக்கு அந்த ஊசி சுகம் தந்திருக்கும், அதனால் கேட்கிறார்கள். அறுந்த நரம்பு எப்படி மீள்கிறது என்று தெரிந்தால் விடையும் தெரிந்துவிடும்.

நரம்பு அறுந்தால் வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் மடிந்துவிடும். பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் ஆகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி இதைக் காட்டினார். மடிந்ததை மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு அணுக்கள் வந்து அள்ள வேண்டும். முதல் சில வாரங்களின் அழற்சியில் பாதி இந்த வேலைதான். பிறகு நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் அணுக்கள் வரிசையாக நின்று புது இழைக்குத் தடம் போடும். இழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்கு 18 சென்டிமீட்டர் என்றால் 180 நாள். தையலைத் தாண்டவே சில வாரம் பிடிக்கும், அது தனி.

ஸ்டீராய்டு அந்தத் துப்புரவு அணுக்களை அடக்கும். வடு நெய்யும் அணுக்களையும் அடக்கும். முதலாவது கெடுதல். இரண்டாவதில் நன்மை உண்டு: வடு இறுகினால் நரம்பு பக்கத்துத் தசைநாணோடு ஒட்டிக்கொண்டு, விரலை நீட்டும்போதெல்லாம் இழுபடும். எலியின் பின்காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பைத் தைத்து, அந்த இடத்தில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை வைத்த சில சோதனைகளில் வடு குறைந்து நடையும் தேறியிருக்கிறது. ஆனால் எலிக்கு இழை போக வேண்டிய தூரம் மிகக் குறைவு, தானாகவே நன்றாகத் தேறும் பிராணி அது. அந்தக் கணக்கை நம் கைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. மேலும், நம் கை நரம்பில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய 9-0 அளவு நைலான் நூலில் போட்ட தையல். சுமார் மூன்று வாரம் கையை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட் கட்டுவதே தையல் இழுபடாமல் இருக்கத்தான். அந்த நாள்களில் வடுவும் பிடிமானமாக வேண்டும். ஆகவே புதிதாகத் தைத்த நரம்புக்கு இந்த ஊசியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊசி எங்கே விழுகிறது என்பது இன்னும் முக்கியம். எலிகளில், நரம்பின் இழைக்கட்டுக்குள் புகுந்த டிரையாம்சினோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டுகள் கடும் சேதம் செய்தன. டெக்சாமெத்தசோனின் சேதம் குறைவு. கட்டுக்கு வெளியே விழுந்தபோது அந்தச் சேதமே இல்லை. மணிக்கட்டுச் சுரங்க நோயில், அதாவது கார்ப்பல் டனலில், 40 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டைப் போடும்போதும் இதே கவனம்தான்: விரலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் ஊசியைப் பின்னுக்கு இழுத்து இடம் மாற்ற வேண்டும். மருந்து போக மறுத்தாலும் அழுத்தித் தள்ளக் கூடாது.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அவர்களுக்கு ஓர் ஊசி போட்டாலும் சில நாள் சர்க்கரை ஏறும். அறுவை நடந்த கையில் புண் ஆறுவதும் தள்ளிப்போகலாம். இன்னொன்று: மூட்டுவலிக்கு விற்கும் பதிவில்லாத ஜாமு என்னும் மூலிகை மருந்துகளில் டெக்சாமெத்தசோன் கலப்படம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. "நான் எந்த மருந்தும் சாப்பிடலை" என்று சொல்வதற்கு முன் அந்தப் புட்டியையும் காட்டுங்கள்.

ஊசியைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விரல் பக்கத்திலிருந்து தைத்த இடத்தை நோக்கி நரம்பின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கூச்சம் விரலுக்கு ஓடும். டினல் குறி என்பது அதுதான். மாதாமாதம் அது 2, 3 சென்டிமீட்டர் முன்னேற வேண்டும். மூன்று மாதமாகியும் தையலிலேயே நின்றால், ஊசி கேட்காமல் அறுவை மருத்துவரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நரம்பு வந்து சேராத தசை 12 முதல் 18 மாதம்தான் காத்திருக்கும்.