முழங்கால் அளவுத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையிலிருந்து பாய்மரப் படகில் லட்சத்தீவுக்குப் போய்க் கரையிறங்குவது பற்றிப் பேசலாம். ஓதம் ஏறினால் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை மூழ்கிவிடும் என்பது மும்பைக்காரர்களுக்குத் தெரியும். இங்கே பெரிய ஓதத்தில் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. லட்சத்தீவில் 1 மீட்டர் சுமாருக்குத்தான். அந்த ஒரு மீட்டரை இளக்காரமாக நினைப்பவர்தான் பவளத்தீவுக் கரையில் மாட்டிக்கொள்கிறார். அங்கே கரையைச் சுற்றியுள்ள பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, மேசைபோலத் தட்டை. போகும்போது கணுக்கால் நனைந்த இடத்தில், திரும்பும்போது தண்ணீர் இடுப்பைத் தொடும்.

பார் என்பது மன்னார் வளைகுடா மீனவர்களின் சொல். அதே சொல்தான் லட்சத்தீவின் சுஹேலி பார் என்ற பெயரிலும் இருக்கிறது. சுஹேலி மும்பையிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்கே, 500 கடல்மைலுக்கு மேல். பாய்மரப் படகு மணிக்கு 5 கடல்மைல் ஓடினால் நாலரை நாள். நவம்பருக்கு முன் வேண்டாம். ஏப்ரலைத் தாண்டவும் வேண்டாம். நுழைவு அனுமதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

பாருக்குள் நுழைய வரைபடத்தையும் ஜிபிஎஸ்ஸையும் மட்டும் நம்பக்கூடாது. பழைய அளவீட்டில் பாறை நூறு மீட்டர் தள்ளிக் கிடக்கலாம். கண்தான் கருவி, வெயில்தான் விளக்கு. சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும். வாய், அதாவது பாரில் படகு நுழையும் திறப்பு, மேற்கே இருந்தால் உள்ளே போவது மதியத்துக்குப் பிறகு, வெளியே வருவது காலையில். போலரைஸ்டு கண்ணாடி போட்ட ஒருவர் படகின் முகப்பில் நிற்கட்டும். கருநீலம் ஆழம், நீலப்பச்சை போதுமான தண்ணீர், வெளிர்பச்சை ஆழமில்லாத மணல், பழுப்பு என்றால் பவளம் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மேக நிழலும் பவளம்போலத் தெரியும்; ஆனால் அது நகரும்.

இன்னொன்று. அலை பாரைத் தாண்டி உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் ஓதம் ஏறும் நேரத்திலும் வாயில் எதிர்நீரோட்டம் இருக்கலாம். ஓத அட்டவணையைப் பார்த்து வந்து, எஞ்சின் திணறும்போது விழிப்பதில் பயனில்லை.

நங்கூரம் மணலில்தான். 6 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டருக்குக் குறையாமல் சங்கிலி விடுங்கள். காற்று திரும்பினால் சங்கிலி பவளக் குன்றுகளைச் சுற்றிக்கொள்ளும். பவளமும் உடையும், நங்கூரமும் வராது. நங்கூரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒரு மிதவை, அதன்பின் சில மீட்டருக்கொன்று கட்டினால் சங்கிலி தரையைத் தொடாமல் தொங்கும்.

இனி கரை. லட்சத்தீவில் தீவுகள் பெரும்பாலும் பாரின் கிழக்கு விளிம்பில், உள்கடல், அதாவது பாருக்குள் அடங்கிய நீர்ப்பரப்பு, மேற்கே. மேற்குக் கரை மணல், கரைக்குப் போகும் சிறு படகான டிங்கியை இறக்க ஏற்றது. கிழக்குக் கரை முழுக்கப் புயல் அள்ளிப்போட்ட பவளத் துண்டுகள். கால் வைத்தால் பானை ஓடு போலச் சத்தம் போடும். டிங்கியை மணலில் இழுத்துவிட்டால் போதாது. சிறு நங்கூரத்தைக் கரைமேல் புதைத்துக் கயிறு கட்டுங்கள். எஞ்சின் இருந்தாலும் துடுப்பு கட்டாயம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், கையடக்க விஎச்எஃப் ரேடியோ.

பாரில் நடக்க வற்றுநீருக்கு 2 மணி நேரம் முன் கிளம்புங்கள். நீர் முழுதாக வற்றிய நிமிடமே திரும்பும் நிமிடம், அப்போது எவ்வளவு அழகான குட்டை எதிரே இருந்தாலும். கெட்டி அடிப்பாகம் உள்ள மூடிய காலணி வேண்டும். கல்போலக் கிடக்கும் விஷமுள் மீனான கல்மீனின் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். உள்ளிருக்கும் நத்தையின் விஷம் ஆளைக் கொல்லும். கரையில் கிடக்கும் காய்ந்த பவளமும் அங்கேயே கிடக்கட்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது.

கல்மீனோ திருக்கையோ குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் காலை வையுங்கள், வலி அடங்கும். சூட்டை அடிபடாத கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு மருத்துவர்தான். பவளக் கீறலுக்கு வெந்நீர் உதவாது. நல்ல தண்ணீர் விட்டு மென்மையான பிரஷ்ஷால் உள்ளே இருக்கும் துகளைத் தேய்த்து எடுக்க வேண்டும். எரியும். துகள் உள்ளே நின்றால் மூன்றாம் நாள் சீழ் வைக்கும், அப்போது மும்பை நாலரை நாள் தூரத்தில் இருக்கும்.