கண்டெடுத்த விமானமும் கட்டியெடுத்த விமானமும்

(ஒரு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் மாணவர் மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது உங்கள் பட்டறை வாசலில், உள்பாகம் தெரிகிற மாதிரி வெட்டி வைத்த பழைய டீசல் இன்ஜின் ஒன்றைப் பார்த்தேன். உடனே எனக்குக் காசி ஞாபகம் வந்தது. பனாரஸ் இந்து பல்கலைக்கழக வளாகத்தில், இதே போல மாணவர்களுக்குப் பாடம் காட்டக் கொடுத்த ஒரு போர் விமானம் பல வருடங்கள் வெட்டவெளியில் கிடந்தது. ஹாக்கர் ஹரிக்கேன் வகை, எண் ஆர் 4118. சாதாரண விமானம் இல்லை. 1940-ல் இங்கிலாந்து வானில் நடந்த சண்டையில் 49 முறை போருக்குப் புறப்பட்ட விமானம் அது. வீழ்த்தியதும் சேதப்படுத்தியதுமாக ஐந்து எதிரி விமானங்கள் அதன் கணக்கில் இருந்தன. 1943 கடைசியில் கப்பலேறி இந்தியா வந்தது. போர் முடிந்த பிறகு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

1982-ல் இங்கிலாந்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் அதைப் பார்த்தார். அதை ஊருக்குக் கொண்டுபோக அவருக்கு 2001 வரை ஆனது. 2004 டிசம்பர் 23 அன்று அது மறுபடி பறந்தது. 1940-ல் அதை ஓட்டிய பாப் ஃபாஸ்டர், வயதான காலத்தில் திரும்பவும் அதைக் கண்ணால் பார்த்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் நான் முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவன். பழுது பார்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் கேட்காமல் இருக்க முடியவில்லை: பறந்தது எது?

வீட்டில் பாட்டி காலத்து அரிவாள்மனை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பலகை உளுத்துப்போனதால் அப்பா புதுப் பலகை போட்டார். இரும்பு தேய்ந்துபோனதால் நீங்கள் புது இரும்பு அடித்து வைத்தீர்கள். இன்றைக்கும் அது 'பாட்டி அரிவாள்மனை'தான். வீட்டுக்குள் அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. அதையே ஒருவரிடம் விற்கப் போகும்போது, எது பாட்டி தொட்டது, எது நேற்று கொல்லர் அடித்தது என்று சொல்லியாக வேண்டும்.

ஆர் 4118 அதிகம் கலையாமல் கிடைத்த விமானம். எல்லா விமானத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1940 மே மாதம் பிரான்சில் கலே கடற்கரையில் இறங்கிய ஒரு ஸ்பிட்ஃபயர் (இதுவும் பிரிட்டிஷ் சண்டை விமானம்தான்), எண் பி 9374, நாற்பது வருடம் மணலுக்குள் புதைந்து கிடந்து 1980-ல் வெளியே தெரிந்தது. உப்புத் தண்ணீர் குடித்த அலுமினியத்தை வைத்துக்கொண்டு மனிதனை வானத்துக்கு அனுப்ப முடியாது. அதனால் அது ஏறக்குறைய புதிதாகவே கட்டப்பட்டது; 2011-ல் பறந்தது; 2015-ல் லண்டனில் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. ஏலப்பணம் தொண்டு நிறுவனங்களுக்குப் போனது, நல்ல விஷயம். செய்த வேலையும் கைதேர்ந்த வேலை. ஆனாலும் அந்த விலையில் பெரும்பங்கு உலோகத்துக்கு இல்லை. எண்ணுக்கும் அதன் பின்னால் இருக்கிற கதைக்கும்தான். விமானத்தின் எண் பொறித்த ஒரு சின்னத் தகடும் கொஞ்சம் துண்டுகளும் காகிதமும் இருந்தால், அதைச் சுற்றிப் புதிதாகக் கட்டியது 'அசல்' ஆகிவிடுகிறது. தகடு இல்லாமல் அதே பட்டறையில், அதே வரைபடத்தை வைத்து, அதே ஆட்கள் கட்டினால் அது 'நகல்'. இந்தப் பாகுபாடு எனக்கு உறுத்துகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள மாஸ்கிட்டோவைப் பார்க்கலாம். இந்த விமானத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உலோகத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்து, டி ஹாவிலாண்ட் நிறுவனம் மரத்தால் செய்த விமானம் அது. பிர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகை இரண்டு பக்கமும், நடுவில் பஞ்சு போல லேசான பால்சா மரம். உடலை முழுதாகச் செய்வதில்லை. வேர்க்கடலைத் தோல் மாதிரி இரண்டு பாதியாக அச்சில் வைத்து ஒட்டிக் காயவைப்பார்கள். பாதி திறந்திருக்கும்போதே உள்ளே குழாய், கம்பி எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, அப்புறம்தான் இரண்டையும் சேர்ப்பார்கள். இருட்டுக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டியதில்லை. ஒரு பட்டறைக்காரனுக்கு இதைவிட அழகான யோசனை உண்டா?

ஆனால் மரத்துக்கும் பசைக்கும் ஆயுள் குறைவு. ஆரம்பத்தில் போட்டது பாலிலிருந்து எடுக்கிற கேசின் பசை. 1944-ல் இந்தியாவில் இருந்த மாஸ்கிட்டோக்களில் இறக்கை ஒட்டுகள் விட்டுப்போய் விபத்துகள் நடந்து, அவற்றைத் தரையில் நிறுத்த வேண்டி வந்தது. போர்க்காலத்திலேயே அந்த நிலை என்றால், எண்பது வருடத்துப் பசையை நம்பி யார் ஏறுவார்கள்?

அப்படியும் ஒரு மாஸ்கிட்டோ, ஆர்ஆர் 299, வெகுகாலம் பறந்துகொண்டிருந்தது. 1996 ஜூலையில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு வான்காட்சியில் விழுந்தது. அதில் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். அதன் பிறகு பதினாறு வருடம் உலகத்தில் எங்கேயும் பறக்கிற மாஸ்கிட்டோ கிடையாது.

நியூசிலாந்தில் சிலர் உட்கார்ந்து அந்த அச்சையே முதலிலிருந்து செய்தார்கள். புது அச்சு, புது மரம், இன்றைய பசை. கனடாவில் ஒரு விவசாயி வாங்கிப்போட்டு, பண்ணையில் மக்கிப்போன கேஏ 114 என்ற விமானத்தின் உலோகப் பாகங்களை அதில் பொருத்தினார்கள். 2012 செப்டம்பரில் ஆக்லாந்து அருகே ஆர்ட்மோரில் அது மேலே ஏறியது. மரம் முழுக்கப் புதிது, பெயர் பழையது. இதை அசல் என்பதா, நகல் என்பதா? என்னைக் கேட்டால், அந்த விமானத்தைவிட அந்த அச்சுதான் பெரிய சொத்து. எழுபது வருடத்துக்கு முன் மறைந்துபோன ஒரு வேலை மறுபடி மனிதர்கள் கைக்கு வந்துவிட்டது.

சரி, தகடே இல்லாமல் கட்டியவர்களைப் பார்ப்போம். மெஸ்ஸர்ஷ்மிட் 262, போரில் இறங்கிய முதல் ஜெட் சண்டை விமானம். ஜெர்மனியில் 1,400-க்கும் மேல் செய்தார்கள். மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிக்கலும் குரோமியமும் கிடைக்காத காலத்தில் செய்ததால் அதன் யூமோ இன்ஜின் சில பத்து மணி நேரம்கூடத் தாங்காது. அமெரிக்காவில் ஒரு குழு, கடற்படையிடம் இருந்த அசல் விமானம் ஒன்றைப் பிரித்து அளவெடுத்து, புதிதாக ஐந்து கட்டியது. அளவெடுக்கக் கொடுத்த விமானத்தையும் சீராக்கித் திருப்பிக் கொடுத்தது. புதிய விமானங்களுக்கு ஜே-85 என்ற பிற்கால இன்ஜின். அது சின்னது, எடை மிகக் குறைவு, உந்துவிசையோ அதிகம். எடை மாறினால் விமானத்தின் சமநிலையே மாறிவிடும். அதனால் பழைய இன்ஜினின் உருவத்தையே வார்த்து, அதற்குள் புதியதை வைத்தார்கள். 2002 டிசம்பரில் முதல் விமானம் பறந்தது. "இது புதிது, இன்ஜின் வேறு" என்று கட்டியவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ஃபோக்கர் மூவிறக்கை விமானத்தைப் பற்றி ஒரே ஒரு தகவல். செய்தது 320. இன்றைக்கு முழுதாக ஒன்றுகூட உலகில் இல்லை. நீங்கள் எந்தக் காட்சியில் பார்த்தாலும் அது யாரோ புதிதாகக் கட்டியது. அந்தக் காலத்துச் சுழல் இன்ஜினில் தண்டு நிற்கும், சிலிண்டர்கள் எல்லாம் சுற்றும். உயவுக்கு ஊற்றுவது நம் விளக்கெண்ணெய். அது திரும்ப டாங்குக்கு வராது, புகையாய் விமானியின் முகத்தில் அடித்துக்கொண்டே போகும். வயிறு கலங்கும். படத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. யாராவது ஒருவர் அந்த இன்ஜினைக் கட்டி ஓட்ட வேண்டும்.

அசல்களைப் பறக்கவிடுவதில் எனக்குப் பயம் உண்டு. 2022 நவம்பரில் டல்லாஸ் வான்காட்சியில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானமும் ஒரு கிங்கோப்ரா சண்டை விமானமும் நடுவானில் மோதின. ஆறு உயிர் போனது. இரண்டுமே போர்க்காலத்தில் பிறந்தவை. உயிருக்கு ஈடு கிடையாது. அந்த இரண்டு விமானங்களும்கூட இனி வரப்போவதில்லை. பறக்க வேண்டியது புதிது. பழையது படிக்க வேண்டியது. ஆர் 4118 போல நல்ல உடம்போடு கிடைத்த ஒன்றைப் பறக்கவிட்டார்களே என்று கேட்டால், அதில் மட்டும் எனக்கு இரண்டு மனசு. ஃபாஸ்டரை நினைத்தால் வாய் அடைத்துவிடுகிறது.

லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்று இருக்கிறது. நார்வே ஏரி ஒன்றின் அடியிலிருந்து 1973-ல் தூக்கியது. அதை நிமிர்த்திப் புதுப்பித்து நிறுத்தவில்லை. நசுங்கியது நசுங்கியபடி, அரித்தது அரித்தபடி வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் அடி விழுந்தது, எந்தத் தகட்டில் என்ன பூச்சு, ஆணியை யார் எப்படி அறைந்தார் என்று நாளைக்கு ஒருவர் உட்கார்ந்து படிக்கலாம். மறுபூச்சு அடித்திருந்தால் அந்த எழுத்து அழிந்திருக்கும்.

உங்கள் கல்லூரிக் கிடங்கிலும் பெயர் தெரியாத பழைய இயந்திரம் ஏதாவது கிடக்கலாம். திறந்து பாருங்கள். துடைக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். முதலில் படம் எடுங்கள், எண்ணை எழுதி வையுங்கள். ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தால் அளவெடுத்துப் புதிதாக ஒன்று செய்யுங்கள். லேத் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.