மீசைக்கு இங்கிலீஷில் 'ஓ' போடணுமா?

(காட்சி: வயல் வரப்பை ஒட்டிய ஐயனார் கோயில். கேமரா காவல் வீரனின் முகத்தை நெருங்குகிறது.)

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஊர் எல்லைகளில் இந்த மீசையைப் பார்த்திருப்பீர்கள். உதட்டுக்கு மேலே தடித்துத் தொடங்கி, கன்னத்தில் பாதி தூரம் ஓடி, நுனி கண்ணைப் பார்த்துச் சுருண்டு நிற்கும். சுதையில் செய்து கறுப்பு பெயின்ட் அடித்தது. ஆனாலும் அந்த முகத்தின் மிரட்டல் முழுக்க மீசையில்தான் இருக்கிறது. நாம் இதை முறுக்கு மீசை என்போம். இங்கிலீஷில் இதற்கு நெருங்கிய வகைக்கு ஹேண்டில்பார் என்று பெயர். சைக்கிள் ஹேண்டில்பார் வளைவை வைத்து வந்த பெயர்தான்.

(காட்சி: கும்பகோணத்தில் ஒரு சலூன்.)

"தம்பி, மீசையை எடுத்துடவா, ஒதுக்கவா?"

"ஒதுக்குனா போதும்ணே."

ஒதுக்குவது எப்படி என்று கொஞ்சம் கவனியுங்கள். சீப்பால் முடியைக் கீழே இழுத்துச் சீவுகிறார். உதட்டைத் தாண்டி வருவதைக் கத்தரிக்கோல் நுனியால் வெட்டுகிறார். அப்புறம் மேல் ஓரத்தில் கத்தியால் ஒரு கோடு. மூக்குக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகிறார் என்பதில்தான் முகமே மாறுகிறது. கோட்டை இறக்கிக்கொண்டே வந்தால் பென்சில் மீசை. சிறுவயதில் இதே கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்த எம்.ஜி.ஆர். பல படங்களில் வைத்திருந்தது அந்த மெல்லிய மீசைதான். என்னைக் கேட்டால், வைப்பதற்கு இருப்பதிலேயே கஷ்டமான மீசை அது. ஒரு பக்கம் ஒரு மயிரிழை கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அரும்பு மீசைப் பையன்களுக்கு ஒரு வார்த்தை. அடிக்கடி மழித்தால் அடர்த்தியாக வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடியின் வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தி அதுவரை போவதே இல்லை. இயல்பான முடிக்கு நுனி மெலிந்திருக்கும். வெட்டிய முடிக்கு நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகவும் தடிப்பாகவும் தெரிகிறது. அவ்வளவுதான்.

(திரையில் இரண்டு எழுத்துக்கூட்டலும் அடுத்தடுத்து.)

சரி, இதே மீசையை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பலருக்கும் பேனா நின்றுவிடுகிறது. எம்முக்கு அடுத்து ஓ வருமா, வராதா?

இரண்டும் சரி. எம், ஓ, யு, எஸ், டி, ஏ, சி, ஹெச், இ என்று எழுதினால் பிரிட்டிஷ் முறை. அந்த ஓவை எடுத்துவிட்டால் அமெரிக்க முறை. வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கலர், ஹானர் மாதிரி சொற்களில் அமெரிக்கர்கள் யுவை விட்டுவிடுவார்கள் என்று படித்திருப்போம். அந்த ஞாபகத்தில் இங்கேயும் யுவை வெட்டிவிட்டு ஓவை மட்டும் எழுதினால் தப்பு. இங்கே போவது ஓ. யு இரண்டு முறையிலும் இருக்கும்.

மேலுதட்டைக் குறித்த பழைய கிரேக்கச் சொல் ஒன்று இத்தாலிக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்து, 16ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் இங்கிலீஷில் ஏறியது. பிரெஞ்சு வழியாக வந்ததால்தான் கடைசியில் இருக்கும் சி, ஹெச் இரண்டும் சேர்ந்து 'ஷ்' என்று ஒலிக்கிறது. மெஷின் என்ற சொல்லிலும் இதே கதைதான். பிரிட்டனில் 'டாஷ்' என்ற பகுதி நீண்டு ஒலிக்கும். அமெரிக்காவில் முதலில் வரும் 'மஸ்' அழுத்தமாக விழும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் 1860 முதல் 1916 வரை சிப்பாய்கள் மேலுதட்டை மழிக்கவே கூடாது என்று விதி இருந்தது. நமக்கு இங்கிலீஷ் வந்ததும் அந்த ஆட்களிடமிருந்துதான். அதனால் நம் பள்ளிக்கூட எழுத்துக்கூட்டலும் பிரிட்டிஷ் முறைதான். பரீட்சையில் ஓவோடு எழுதுங்கள். போனில் அதன் அடியில் சிவப்புக் கோடு வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் கீபோர்டு அமெரிக்க இங்கிலீஷில் இருக்கும். செட்டிங்கில் இந்திய இங்கிலீஷுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்த முறையை எடுத்தாலும் ஒரு கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால்தான் திருத்துபவர் கண்ணில் படும்.

கடைசியாக ஒன்று. நம் ஐயனார் கோயில் வீரனைப் போன்ற பெரிய மீசைக்காரரை வர்ணிக்க 'மஸ்டாஷியோட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பிரிட்டிஷ் அகராதிகளும் எம்முக்கு அடுத்து ஓ இல்லாமல்தான் பெரும்பாலும் தருகின்றன. அதில் ஓ வருவது கடைசிப் பக்கம்: எம், யு, எஸ், டி, ஏ, சி, ஹெச், ஐ, ஓ, இ, டி.