வருந்தி அழைக்கிறவர்

நேயர்கள் எல்லாருக்கும் என் அன்பான வணக்கம்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் சபைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். சொல்லிக்கொள்ளும்படியான காரணம் ஒன்றும் கிடையாது. யாரிடமும் சண்டை இல்லை. கடவுள் இல்லை என்று யாரோடும் வாதாடவும் இல்லை. ஒரு ஞாயிறு போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை, அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. சின்ன வயதில் எனக்கு வேதம் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் பண்ணுவார். மேசைமேல் போன் அதிரும். அதிர்ந்து அதிர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பக்கத்தில் இருக்கிற டம்ளரில் முட்டிக் கிணுகிணுக்கும். திரையில் அவர் பெயர். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். 'அப்புறம் பேசிக்கொள்ளலாம்.' மணி ஓய்ந்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மனிதன் கடவுளைப் புறக்கணித்தான் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது நம் கண்முன் யார் வருகிறார்கள்? பாபேலில் வானத்தை எட்டும்படி கோபுரம் கட்டப் போனவர்கள். கர்த்தர் யார், அவர் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும் என்ற பார்வோன். சிலுவையில் அறையும் என்று கூவின கூட்டம். எல்லாரும் சத்தம் போட்டவர்கள். அவர்களைக் கைகாட்டிவிட்டு நாம் நல்ல பிள்ளைகளாக ஓரமாய் நின்றுகொள்ளலாம். இயேசு இதைப் பற்றிச் சொன்ன ஒரு கதையில் அந்த வசதி நமக்குக் கிடைப்பதில்லை. லூக்கா சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்தில் வருகிற பெரிய விருந்தின் கதை. அங்கே அழைப்பை மறுத்தவர்களில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை.

கதை சொல்லப்பட்ட இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அன்றைக்கு ஓய்வுநாள். வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினரான பரிசேயரில் தலைவன் ஒருவன் வீட்டில் சாப்பாடு. இயேசு அங்கே நீர்க்கோவை வியாதிக்காரன், அதாவது உடம்பில் நீர் கோத்து வீங்கின ஒருவனைக் குணமாக்குகிறார். எல்லாரும் வாயடைத்துப் போகிறார்கள். விருந்தாளிகள் முதன்மையான இடங்களைத் தேடிப் பிடிப்பதைப் பார்த்து, கடைசி இடத்தில் போய் உட்காருங்கள் என்கிறார். பிறகு விருந்து வைத்தவன் பக்கம் திரும்பி, பணக்காரர்களைக் கூப்பிடாதே, ஏழைகளைக் கூப்பிடு என்கிறார். விருந்துக்கு வந்த இடத்தில் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்? பந்தியில் ஒரு சங்கடமான அமைதி விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைச் சமாளிப்பதற்கோ என்னவோ, ஒருவர் பக்தியாக ஒரு வாக்கியம் சொல்கிறார்: "தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம்பண்ணுகிறவன் பாக்கியவான்." தப்பே இல்லாத வாக்கியம். தனக்கு அங்கே ஒரு இடம் எப்போதோ போட்டாயிற்று என்கிற நிச்சயம் அதில் கேட்கிறது. அவருக்குப் பதிலாகத்தான் இயேசு இந்தக் கதையைச் சொல்கிறார்.

ஒரு மனிதன் பெரிய விருந்து ஒன்றை ஏற்பாடு செய்து அநேகரை அழைத்திருந்தான். அந்தக் காலத்தில் அழைப்பு இரண்டு தடவை போகும். முன்கூட்டியே ஒரு தடவை. சமையல் முடிந்த பிறகு ஆள் வந்து கூப்பிடுவது இரண்டாவது தடவை. வேதாகமத்தின் எஸ்தர் புத்தகத்தில் பெர்சிய ராஜாவின் மந்திரியான ஆமான் விருந்துக்கு அழைக்கப்படுவதும் அப்படித்தான்: முதல் நாளே அழைப்பு, மறுநாள் அரண்மனை ஆட்கள் வந்து கூட்டிப்போகிறார்கள். ஆக, இந்தக் கதையில் மறுத்தவர்கள் முதல் அழைப்புக்குச் சரி என்று தலையாட்டினவர்கள். அவர்களை நம்பித்தான் உலை வைத்திருக்கிறது. "எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்" என்று வேலைக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது, நம் பழைய தமிழ் வேதாகமம் சொல்கிறது, அவர்கள் எல்லாரும் 'போக்குச் சொல்ல' ஆரம்பித்தார்கள். சாக்குப்போக்கு என்கிறோமே, அந்தப் போக்கு.

ஒருவன் வயல் வாங்கியிருக்கிறேன், போய்ப் பார்க்க வேண்டும் என்றான். வயலைப் பார்க்காமலா வாங்குவான்? மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதானே பணத்தை எண்ணி வைப்பார்கள்? இன்னொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறான். பத்து மாடுகள். சின்ன சம்சாரி இல்லை. ஓட்டிப் பார்க்கப் போகிறானாம், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்! மூன்றாமவன், பெண்ணை விவாகம் பண்ணினேன், அதனால் வர முடியாது என்றான். மற்ற இருவராவது மன்னிக்கும்படி கேட்டார்கள். இவன் அதையும் கேட்கவில்லை. புதிதாகக் கலியாணம் ஆனவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கு அனுப்பக்கூடாது என்று உபாகமத்தில் ஒரு சட்டம் உண்டு. விருந்துக்குப் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மூன்று காரியங்களையும் திரும்பப் பாருங்கள். நிலம், உழைப்பு, குடும்பம். இதில் எது பாவம்? மூன்றும் கடவுள் கொடுத்தவைதான். அவர் கொடுத்ததையே கையில் தூக்கிக் காட்டி, இது இருப்பதால் உம்மிடம் வர நேரமில்லை என்கிறோம். வாசலில் நின்ற அந்த வேலைக்காரன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

முதல் போக்கைச் சொன்னவன் ஆதாம். 'நீ எங்கே இருக்கிறாய்' என்று கடவுள் தோட்டத்தில் கேட்கிறார். மனிதன் விலகிப் போன பிறகு கடவுளிடமிருந்து வந்த முதல் வார்த்தை இந்தக் கேள்விதான். புதருக்குள் இருந்து வருகிற பதிலோ, நீர் தந்த பெண்தான் கொடுத்தாள் என்று முடிகிறது. பழி பெண்மேலும் விழுகிறது, பெண்ணைத் தந்தவர்மேலும் விழுகிறது. கெட்டிக்கார பதில்.

பேலிக்ஸ் என்று ஒரு ரோம தேசாதிபதி, அப்போஸ்தலருடைய நடபடிகள் 24-ஆம் அதிகாரத்தில் வருகிறார். செசரியாவில் அப்போஸ்தலனாகிய பவுல் அவருடைய காவலில் இருக்கிறார். மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து பவுலைப் பேசச் சொல்லிக் கேட்கிறார். நீதி, இச்சையடக்கம், வரப்போகிற நியாயத்தீர்ப்பு என்று பேச்சு போகப் போக பேலிக்ஸுக்குப் பயம் வந்துவிடுகிறது. கேலி செய்யவில்லை, உண்மையாகவே பயந்தார். பயந்து என்ன செய்தார்? இப்போது போ, சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவும் செய்தார், பல தடவை. ஆனால் பவுலிடமிருந்து ஏதாவது பணம் தேறுமா என்கிற எண்ணமும் கூடவே இருந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அவருடைய இடத்துக்கு வேறு தேசாதிபதி வந்தார். பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் பேலிக்ஸ் போய்விட்டார். அந்தச் சமயம் கிடைத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை.

சரி, விருந்து வீட்டுக்கு வருவோம். வீட்டு எஜமானுக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். நாமாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்திருப்போம். இவர் கதவை இன்னும் அகலமாகத் திறக்கிறார். தெருக்களிலும் சந்துகளிலும் போய் ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் கூட்டி வரச் சொல்கிறார். வேலைக்காரன் திரும்பி வந்து, சொன்னபடி செய்தாயிற்று, "இன்னும் இடம் இருக்கிறது" என்கிறான். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த வரி அதுதான். அப்போது எஜமான், ஊரைத் தாண்டிப் பெருவழிகளுக்கும் வேலி ஓரங்களுக்கும் போ, வீடு நிறையும்படி ஜனங்களை "வருந்திக் கூட்டிக்கொண்டுவா" என்கிறார்.

இந்த 'வருந்தி' என்கிற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல் கொஞ்சம் கடினமானது. 'கட்டாயப்படுத்து' என்றும் அதற்குப் பொருள் உண்டு. லத்தீனிலும் அதே கடினத்தோடுதான் போனது. அகுஸ்தீன் எவ்வளவு பெரிய ஞானி! அவரே ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்காவில் திருச்சபையைவிட்டுப் பிரிந்துபோன தொனாத்திஸ்து என்ற பிரிவினரை அரசாங்கத்தின் பலத்தைக்கொண்டு திருப்பலாம் என்பதற்கு இந்த வசனத்தைத் துணைக்கு இழுத்தார். பின்னால் வந்த பல நூற்றாண்டுகளில் இது எத்தனை பேர் முதுகில் விழுந்தது என்று சரித்திரம் சொல்லும். விருந்துக்கு அழைக்கிற வசனத்தைத் தடியாக்கியது திருச்சபையின் பெரிய தவறு, அதை நாம்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் 'வருந்தி' என்று போட்டார்கள். ஔவையார் நல்வழியில் "வருந்தி அழைத்தாலும் வாராத வாரா" என்கிறாரே, அதே வருந்தி. வருந்தி அழைப்பது என்றால் தமிழில் வருந்துகிறவர் யார்? அழைக்கிறவர். வலி அவர் பக்கம். வரமாட்டேன் என்கிறவனுக்கு அடி விழவில்லை. வா என்று நிற்கிறவருக்குத்தான் கால் நோகிறது. எனக்கு இந்த ஒரு சொல்லில் சிலுவை தெரிகிறது. இந்தக் கதையைச் சொன்னபோது இயேசு எருசலேமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். 'எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது' என்று கதையில் சொன்னவர், சிலுவையில் தொங்கும்போது "முடிந்தது" என்றார். பந்தி போட ஆன செலவு முழுவதும் அவருடையது.

இரட்சிப்பு என்று நாங்கள் சொல்வது, மீட்பு என்று வேறு சிலர் சொல்வது, இதைத்தான். சமைத்தாயிற்று, நாம் செய்ய வேண்டியது வந்து உட்காருவது. சுலபமாகத் தெரிகிறது, இல்லையா? வேலி ஓரத்தில் படுத்திருப்பவனாக இருந்து பாருங்கள். கால் முழுக்கப் புழுதி. போட்டிருப்பது கந்தல். சுத்தமான உடையில் ஒருவன் வந்து, எங்கள் எஜமான் வீட்டில் விருந்து, எழுந்து வா என்கிறான். அவன் என்ன நினைப்பான்? இவன் ஆள் மாறி வந்துவிட்டான் என்றுதான் நினைப்பான். எனக்கா? என்னையா? திருப்பிச் செய்ய என்னிடம் என்ன இருக்கிறது? அவனும் வரமாட்டேன் என்றுதான் சொல்வான், வயல் வாங்கினவனுக்கு நேர்மாறான காரணத்துக்காக. அதனால்தான் அங்கே வருந்தி அழைக்க வேண்டியிருக்கிறது. அந்த அழைப்பு தனக்குத்தான் என்று நம்பி, புழுதியைக்கூடத் தட்டாமல் எழுந்து நடக்கிறானே, அதற்குப் பெயர் விசுவாசம். எபேசியருக்கு எழுதும்போது பவுல், கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்றார். அந்த விசுவாசத்தையே ஒரு சாதனையாக எண்ணி நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதும் நடக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இன்னொன்று. இந்த உரையைக் கேட்கிறவர்களில் சிலர் போக்குச் சொல்லி விலகவில்லை, காயப்பட்டு விலகியிருப்பீர்கள். வாசல்வரை வந்தவர்களை எங்களைப் போன்றவர்களே உடையைப் பார்த்து, பேச்சைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம். உங்களை அந்த மூன்று பேரோடு சேர்த்து நிறுத்த நான் துணியமாட்டேன். வாசலில் நின்ற ஆள் செய்த தப்புக்கு வீட்டுக்காரர் மனம் அப்படிப்பட்டதென்று எண்ணிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் ஏதோ நினைப்பில், பெயரைப் பார்க்காமலே போனை எடுத்துவிட்டேன். குரல் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. வேலை அதிகம், உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்று தயாராக வைத்திருந்ததெல்லாம் தொண்டைவரை வந்து நிற்கிறது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, எங்கே இருக்கே?" வீட்டில்தான் ஐயா என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. அவரும் சும்மா இருந்தார், போனை வைக்கவும் இல்லை. ஆதியாகமத்தில் எத்தனையோ தடவை படித்த கேள்வி, அன்றைக்குத்தான் எனக்குக் காதில் விழுந்தது.

விருந்துக் கதையின் கடைசி வரி கடுமையானது. அழைக்கப்பட்டவர்களில் ஒருவனும் என் விருந்தை ருசிபார்ப்பதில்லை என்கிறார் எஜமான். இதை மெழுகிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்களை யாரும் வெளியே தள்ளவில்லை. வீடு நிறைந்தது, அவர்கள் வயலில் இருந்தார்கள். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே இயேசு இன்னொரு விருந்தைப் பற்றிச் சொல்கிறார். தகப்பனை விட்டுப் போய்த் தொலைந்துபோன இளைய மகன் திரும்பி வந்துவிட்டான். உள்ளே ஆடல் பாடல். அண்ணன்காரன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்" என்று இருக்கிறது. மறுபடியும் அதே வருந்தி. இந்தத் தடவை வேலைக்காரனை அனுப்பவில்லை, தகப்பனே எழுந்து வெளியே வந்துவிட்டார். அண்ணன் உள்ளே போனானா இல்லையா என்பதை லூக்கா எழுதவில்லை. கதை அங்கேயே, வாசலில், இருட்டில், தகப்பன் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது.

வணக்கம்.