ரிக் பக்கத்தில் 1.1, மாடியில் எவ்வளவு? ஆட்டோ ஆன்டெனா ட்யூனர் விளக்கம்

[காட்சி: மேசை. ட்ரான்ஸீவரின் திரை ஒளிர்கிறது. ஒரு விரல் ட்யூனர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறது. ரிலேக்களின் சடசடப்பு.]

வணக்கம். ஹாம் ரேடியோ வைத்திருக்கிறவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகப் பழகியிருக்கும். பட்டனை அழுத்தினால், புளியங்கொட்டையைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டியதுபோல் இரண்டு மூன்று விநாடி சடசடக்கும். அப்புறம் நின்றுவிடும். மீட்டரைப் பார்த்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1. அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் ஏற ஏறத் திரும்புவது அதிகம். ரிக், அதாவது ட்ரான்ஸீவர், தயார். பேசலாம்.

அந்த 1.1 உண்மைதான். ஆனால் அது எந்த இடத்தின் கணக்கு? இன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசப்போகிறேன். இது புரியாமலே ஆண்டுக்கணக்கில் ட்யூனர் பயன்படுத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். புரிந்துவிட்டால் உங்கள் நிலையத்தில் எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் ட்யூனர் எதற்கு? இன்றைய ட்ரான்ஸீவர்களின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்கள் 50 ஓம் சுமைக்காக வடிவமைக்கப்பட்டவை. சுமை அதிலிருந்து விலகினால் அவை சூடாகும். அளவுக்கு மீறினால் போய்விடும். அதனால் எஸ்.டபிள்யூ.ஆர். 2-ஐத் தாண்டும்போது பெரும்பாலான ரிக்குகள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். 100 வாட் ரிக் 40 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் இறங்கிவிடும். ட்யூனர் நடுவில் உட்கார்ந்து, வெளியே என்ன இருந்தாலும் ரிக்கின் கண்ணுக்கு 50 ஓமாகக் காட்டுகிறது. வேலை அவ்வளவுதான்.

[காட்சி: மூடி கழற்றிய ட்யூனர். வரிசையாகச் சிறு ரிலேக்கள், மஞ்சள் சிவப்பு வளையங்களில் சுற்றிய செப்புக் கம்பி.]

உள்ளே பாருங்கள். இந்த வளையங்களெல்லாம் மின்சுருள்கள், காயில்கள். பக்கத்தில் இருப்பவை கெபாசிட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே. சுருள்கள் வரும் வழியில் தொடராக நிற்கும். கெபாசிட்டர்கள் வழியிலிருந்து கிரவுண்டுக்கு இறங்கும். இந்த அமைப்புக்கு எல் நெட்வொர்க் என்று பெயர். மதிப்புகள் ஒன்று, அதன் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும். மளிகைக் கடைத் தராசில் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்துச் சரியான எடைக்கு வருவார்களே, அதே வேலை. 7 சுருள், 7 கெபாசிட்டர் என்று வைத்துக்கொண்டால் 128-ஐ 128-ஆல் பெருக்கி 16,384 சேர்க்கைகள். கெபாசிட்டர் சுருளுக்கு முன்னால் வரவேண்டுமா பின்னால் வரவேண்டுமா என்று தீர்மானிக்க இன்னொரு ரிலே. ஆக மொத்தம் 32,768.

போகிற சக்தி எவ்வளவு, திரும்பி வருகிற சக்தி எவ்வளவு என்று ஒரு சின்னப் பிராசஸர் அளந்துகொண்டே ரிலேக்களைத் தட்டுகிறது. நாம் கேட்கும் சடசடப்பு அந்தத் தேடல்தான். சரியான சேர்க்கை கிடைத்ததும் அதை ஃப்ரீக்வென்ஸியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அடுத்தமுறை அதே இடத்துக்கு வந்தால் ஒரே ஒரு டக்கோடு முடிகிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டெனா ட்யூனர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் ரிக்குக்குள் இருக்கும் ட்யூனர் மாடியில் இருக்கும் ஆன்டெனாவில் ஒரு மில்லிமீட்டரைக்கூட மாற்றுவதில்லை. ட்யூனருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஓடும் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

[காட்சி: வெள்ளைப் பலகை. இடது பக்கம் ரிக், வலது பக்கம் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இருபக்கக் கம்பி ஆன்டெனா), நடுவே நீண்ட கோடு. கோட்டின் மேல் "ஆர்ஜி-58, 30 மீட்டர்".]

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிள், 30 மீட்டர், 28 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா சரியாக 50 ஓம் என்றால் இந்தக் கேபிளில் சுமார் இரண்டரை டெசிபெல் போகும். 100 வாட் அனுப்பினால் மாடியில் 56 வாட் சேரும். இது கேபிளின் இயல்பான தீனி.

இப்போது ஆன்டெனா பொருந்தவில்லை. மாடியில் அளந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். 10. ரிக் பக்கத்தில் எவ்வளவு காட்டும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 2.7 தான் காட்டும். ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும் சக்தியைக் கேபிள் வழியிலேயே தின்றுவிடுகிறது. திரும்பி வருவது குறைந்துபோனதால் மீட்டர் அழகான எண்ணைச் சொல்கிறது. 2.7 என்பது உள் ட்யூனர் சாதாரணமாகச் சமாளிக்கும் 3-க்குள் வந்துவிட்டது. சடசட, 1.1. ரிக் 100 வாட் கொடுக்கிறது. ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வதோ சுமார் 24 வாட். மிச்சம் 76 வாட் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

இதே 30 மீட்டர் கேபிளை 7 மெகாஹெர்ட்ஸில் பாருங்கள். பொருத்தமாக இருந்தால் 76 வாட் சேரும். மாடியில் எஸ்.டபிள்யூ.ஆர். 2 இருந்தால் 72 வாட் சேரும். நான்கு வாட் வித்தியாசம் எதிர்முனையில் இருப்பவர் காதுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இந்த 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், 1.8-ஐ 1.2 ஆக்குவதற்காக உச்சிவெயிலில் மாடி ஏறிக் கம்பியை நறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ட்யூனரைப் போடுங்கள், நிம்மதியாகப் பேசுங்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதும் ஆன்டெனா நன்றாக வேலை செய்வதும் வேறுவேறு. டம்மி லோடை, அதாவது சக்தியை வெறும் வெப்பமாக்கும் 50 ஓம் மின்தடையை மாட்டிப் பாருங்கள், 1-க்கு 1 காட்டும். பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது.

[காட்சி: மழையில் நனைந்த மொட்டை மாடி. மூங்கில் கம்பத்தின் உச்சியிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பி.]

இதை நான் ஒரு ஐப்பசி மழையில் கற்றுக்கொண்டேன். என் 40 மீட்டர் இன்வர்ட்டட் வீ ஆன்டெனா, பேண்டின் மேல் முனையில் 2 காட்டும். கோடை முழுக்க அப்படித்தான் இருந்தது. மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்த பிறகு ரிக்கைப் போட்டால் 1.3. ட்யூனர் ஒரே டக்கில் முடித்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. ஆனால் தினமும் 5-9, அதாவது தெளிவுக்கும் வலுவுக்கும் முழு மதிப்பெண், கொடுக்கிற நண்பர் அன்று மூன்று முறை "திரும்பச் சொல்லுங்க" என்றார். எனக்கும் அவர் குரல் மெலிந்து கேட்டது. காற்றுமண்டலம் சரியில்லை என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மாடி ஏறி, நடுவில் இருக்கும் பிளக்கைத் திருகினேன். உள்ளங்கையில் தண்ணீர் சொட்டியது. இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்த இடத்தில் பசை இளகி ஒரு ஓரம் திறந்திருந்தது. கேபிளின் மேலுறையை வெட்டிப் பார்த்தேன். செப்புப் பின்னல் கறுத்திருந்தது. ஒரு முழம் தள்ளி வெட்டினேன், கறுப்பு. மூன்று மீட்டர் தள்ளி வெட்டினேன், அங்கும் கறுப்பு. தண்ணீர் குடித்த கேபிள் சக்தியைத் தின்கிறது; அதனால் எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்தது. புதுக் கேபிள் மாட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றியதும் மீட்டர் பழையபடி 2-க்கு ஏறியது. நண்பரும் 5-9 கொடுத்தார். எதையும் தொடாதபோது எஸ்.டபிள்யூ.ஆர். தானாக நன்றாகிவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக்கருவி இருக்கிறவர்களுக்கு இதைச் சோதிப்பது சுலபம். ஆன்டெனா முனையைக் கழற்றித் திறந்தபடி விட்டுவிட்டு, இந்த முனையில் ரிட்டர்ன் லாஸ் பாருங்கள்; போய்த் திரும்பிய சிக்னல் எவ்வளவு குறைந்தது என்பதுதான் அது. வருவதில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. 5 டெசிபெல் வந்தால் இரண்டரை டெசிபெல். புதிதாக வாங்கியதும் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆன்டெனாவை எல்லா பேண்டிலும் ஓட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் முதலில் கட்டுவது பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர் வரும் 40 மீட்டர் டைபோல். அது 21 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மூன்றாவது ஹார்மோனிக்காக, அதாவது மும்மடங்கு ஃப்ரீக்வென்ஸியில், மறுபடி ஒத்திசையும். சரியாக பேண்டுக்குள் இல்லாமல் சற்று மேலே தள்ளி விழும். அந்தக் கொஞ்ச தூரத்தை உள் ட்யூனர் பிடித்துவிடும், தாராளமாக ஓட்டலாம். 14 மெகாஹெர்ட்ஸ் அப்படியில்லை. அங்கே அதே கம்பி முழு அலைநீளம். நடுவில் ஆயிரக்கணக்கான ஓம். உள் ட்யூனர் சடசடத்துவிட்டுக் கைவிரித்துவிடும். பெரிய வெளி ட்யூனர் ஒன்று பிடித்துக்கொடுத்தாலும் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பகுதி சக்தி கோஆக்ஸில் போய்விடும். அந்த பேண்டுக்கு இன்னொரு ஜோடிக் கம்பியை அதே நடுப்புள்ளியில் கட்டுவதுதான் மலிவான, சரியான வழி.

[காட்சி: மாடிச் சுவரில் பொருத்திய மழை நுழையாத பெட்டி. மேலே ஒரு கம்பி ஏறுகிறது. கீழே தரையில் நான்கைந்து கம்பிகள் விரிகின்றன.]

ட்யூனரை மாடிக்கே கொண்டுபோவது இன்னொரு வழி. ஐகாமின் ஏஹெச்-4, யேசுவின் எஃப்சி-40 போன்றவை இதற்கென்றே வந்தவை. பொருத்தம் கம்பி தொடங்கும் இடத்திலேயே நடந்துவிடுவதால், கீழே வரும் கோஆக்ஸ் 50 ஓமைத்தான் பார்க்கிறது. கேபிளின் கூடுதல் தீனி இல்லை. வசதி இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இரண்டு விஷயம். கம்பியின் நீளம் நீங்கள் பேசும் எந்த பேண்டிலும் அரை அலைநீளமாகவோ அதன் மடங்காகவோ வரக்கூடாது. 10 மீட்டர், 20 மீட்டர் என்று முழு எண்ணாக வெட்டினால் சரியாக அதில்தான் போய் விழுவீர்கள். பன்னிரண்டரை மீட்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தது, ட்யூனரின் கிரவுண்டு முனை. அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இறங்கிவிடாதீர்கள். மாடித் தரையில் கம்பிகளை விரித்துக் கட்டுங்கள். கம்பிக்குள் போகும் மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி வேண்டும். வழி கொடுக்காவிட்டால் அது கோஆக்ஸின் மேலுறை வழியாக உங்கள் மேசைக்கே வந்துவிடும். மைக் உதட்டில் சுரீர் என்று சுடும்.

இன்னொன்று. அந்தக் கம்பியில் சக்தி போகும்போது உயர் மின்னழுத்தம் இருக்கும். குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

[காட்சி: மறுபடி மேசை. ஹெட்ஃபோன் மாட்டும் கைகள்.]

இனி பட்டனை அழுத்தும் முறை. முதலில் ஒரு நிமிடம் கேளுங்கள். யாரும் இல்லை என்று பட்டாலும் உங்கள் கால்சைனைச் சொல்லி, இந்த ஃப்ரீக்வென்ஸியில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் பொறுங்கள். உங்களுக்குக் கேட்காத ஒரு நிலையத்தை இன்னொருவர் கஷ்டப்பட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதன் மேல் உங்கள் கேரியர், அதாவது பேச்சில்லாத வெறும் சிக்னல், விழக்கூடாது. தூர நாட்டு நிலையம் ஒன்றை அழைக்கப் போகிறீர்களா? சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி, காலியான இடத்தில் ட்யூன் செய்துவிட்டு வாருங்கள். அந்தச் சிறு விலகலுக்கு அமைப்பு மாறாது.

ட்யூன் செய்யும்போது 10 வாட் போதும். பெரும்பாலான ரிக்குகள் பட்டனை அழுத்தியதும் தாமாகவே குறைத்துக்கொள்ளும். வேறு கம்பெனி ட்யூனர் என்றால் நீங்கள்தான் சக்தியைக் குறைத்து கேரியர் கொடுக்க வேண்டும். முழுச் சக்தியில் ரிலே மாறினால் முனைகளில் பொறி பறக்கும். கொஞ்ச நாளில் கருகும். லீனியர் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதை ஸ்டாண்ட்பையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சடசடப்பு நின்றதும் ஒரு வேலை செய்யுங்கள். ட்யூனரை பைபாஸில் போட்டு, அதே 10 வாட்டில் எஸ்.டபிள்யூ.ஆரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பேண்ட், தேதி, எண். ட்யூனர் இல்லாத அந்த எண்ணைத்தான் மாதா மாதம் ஒப்பிட வேண்டும். என் நோட்டில் மழைக்கு முன் 2.0, மழைக்குப் பின் 1.3, கேபிள் மாற்றிய பின் 2.0 என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன.

[காட்சி: நோட்டின் பக்கம். பிறகு ட்யூனர் பட்டன். ஒரே ஒரு டக்.]