நூறு போர்டில் எத்தனை ரிஜெக்ட் என்று கேட்டால் போதுமா?

வணக்கம் மக்களே. நம்ம திருநெல்வேலியில் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கும் பேட்டை தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிற தம்பி தங்கைகள் நம்ம சேனலில் இருக்கிறீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போகிறவர்களுக்காக இந்த வீடியோ. சர்க்யூட் போர்டு அசெம்பிளியில் டிஃபெக்ட் ரேட்டை எப்படிக் கணக்குப் பண்ணுவது என்று பார்ப்போம்.

"நூறு போர்டில் எத்தனை ரிஜெக்ட்?" எந்த மீட்டிங்கிலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டால் நல்ல லைனுக்குத் திட்டு விழும், மோசமான லைனுக்குப் பாராட்டு கிடைக்கும். பலகையில் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

முதலாவது, எல்இடி பல்புக்குள் போகிற சின்ன டிரைவர் போர்டு. 12 காம்போனென்ட், 28 சோல்டர் ஜாயின்ட் (சோல்டர் உலோகத்தை உருக்கிப் பற்றவைத்த இணைப்பு). ஆக, தப்பு நடக்க 40 இடம். 500 போர்டு ஓட்டியதில் 10 போர்டில் ஆளுக்கொரு டிஃபெக்ட். ரிஜெக்ட் 2 சதவீதம்.

இரண்டாவது, மோட்டார் கன்ட்ரோலர். 80 காம்போனென்ட், 320 ஜாயின்ட், மொத்தம் 400 இடம். இதுவும் 500 போர்டு. 25 போர்டில் சேர்த்து 30 டிஃபெக்ட். ரிஜெக்ட் 5 சதவீதம்.

இரண்டில் எந்த லைன் நல்ல லைன்? சதவீதத்தைப் பார்த்தால் முதலாவது. இப்போது இடங்களை வைத்து வகுத்துப் பாருங்கள். சின்ன போர்டில் மொத்தம் 20,000 இடம், 10 தப்பு. பத்து லட்சத்துக்கு 500. பெரிய போர்டில் 2,00,000 இடம், 30 தப்பு. பத்து லட்சத்துக்கு 150. அதாவது சின்ன போர்டு ஓடுகிற லைன்தான் மூன்று மடங்குக்கு மேல் மோசம்! இந்தக் கணக்குக்குத்தான் டிபிஎம்ஓ (டிஃபெக்ட்ஸ் பெர் மில்லியன் ஆப்பர்ச்சூனிட்டீஸ்) என்று பேர். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற ஊர் நம்ம ஊர். இங்கே அந்த ஆயிரத்துக்குப் பதில் பத்து லட்சம், அவ்வளவுதான்.

பத்து லட்சத்துக்கு 100 என்றால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் ஒரு போர்டில் 1,000 இடம் இருந்தால், சராசரியாகப் போர்டுக்கு 0.1 டிஃபெக்ட். தப்புகள் அங்கொன்று இங்கொன்றாக விழுந்தால் பத்தில் ஒன்பது போர்டுதான் சுத்தமாக வெளியே வரும். சிக்ஸ் சிக்மா என்கிற தர முறைக்காரர்கள் பத்து லட்சத்துக்கு 3.4 என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று இப்போது புரியும். 1980-களில் மோட்டரோலா ஆரம்பித்துவைத்த கணக்கு அது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இடங்களைக் கூட்டிக் காட்டினால் டிபிஎம்ஓ தானாகக் குறைந்துவிடும். ஒரே ரெசிஸ்டருக்குத் திசை ஒன்று, உயரம் ஒன்று, சாய்வு ஒன்று என்று எண்ணினால் அது ஏமாற்று. எதை எப்படி எண்ணவேண்டும் என்பதற்கு, எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்குத் தரநிலை வகுக்கிற ஐபிசி அமைப்பின் ஐபிசி-7912 என்று தரநிலையே இருக்கிறது. முறையை ஒருதரம் முடிவு செய்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எது டிஃபெக்ட் என்பதற்கு ஐபிசி-ஏ-610.

சரி, இனி எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிற விஷயத்துக்கு வருகிறேன். டச்-அப் டேபிள். ரீஃப்ளோ அடுப்பில் சோல்டர் உருகி ஒட்டி முடிந்து போர்டு வருகிறது. கேமராவால் போர்டைச் சோதிக்கிற ஏஓஐ மெஷின் ஒரு ஷார்ட்டை, அதாவது இரண்டு ஜாயின்ட் ஒட்டிக்கொண்டதை, காட்டுகிறது. டேபிளில் இருக்கிற பொண்ணு சோல்டரிங் அயர்னை வைத்து, விக் என்கிற செப்புப் பின்னலால் அதிகப்படி சோல்டரை உறிஞ்சி, பத்தே விநாடியில் சரி பண்ணிவிடுகிறாள். போர்டு பாஸ். சாயங்காலம் ரிப்போர்ட்டில் 99 சதவீதம் ஓகே. அந்த ஷார்ட் எங்கே போனது? யார் கணக்கிலும் இல்லை! கைவைக்காமல் முதல் தடவையிலேயே பாஸான போர்டு எத்தனை என்பதுதான் ஃபர்ஸ்ட் பாஸ் ஈல்டு. அதை மறைத்துவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் காட்டுவது அந்தப் பொண்ணின் உழைப்பையே மறைப்பது. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

அதனால் டேபிளில் ஒரு நோட்டு வேண்டும். எந்த போர்டு, எந்த லொகேஷன், என்ன டிஃபெக்ட், எத்தனை மணிக்கு. மெஷின் சும்மா காட்டிய பொய் அலாரத்தையும் எழுதுங்கள், ஆனால் தனிக் கட்டத்தில். இரண்டையும் கலந்தால் எண் கெட்டுவிடும்.

நேரம் எழுதுகிற கட்டத்தை லேசாக நினைக்காதீர்கள். ஷிப்ட் ஆரம்பத்தில் மட்டும் சோல்டர் பால் (சின்னச் சின்ன சோல்டர் உருண்டை) கூடுகிறது என்று வையுங்கள். உடனே பேஸ்ட்டை, அதாவது போர்டில் தடவுகிற சோல்டர் பசையை, பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை, ரூம் சூட்டுக்கு வருமுன் அவசரத்தில் திறந்தால், காற்றிலுள்ள ஈரம் பேஸ்ட் மேல் படியும். ரீஃப்ளோவில் அந்தத் தண்ணீர் கொதித்துச் சோல்டரைத் தெறிக்கவிடும். நம்ம ஊர் சூட்டுக்குச் சீக்கிரம் இளகிவிடும் என்று நினைத்து டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். மூடி போட்டபடியே சில மணி நேரம் வெளியே இருக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்பதைப் பேஸ்ட் கம்பெனி கொடுக்கிற தாளில் பாருங்கள்.

ஒரே லொகேஷனில் திரும்பத் திரும்ப ஷார்ட் வந்தால் ஆளைத் திட்டாமல், பேஸ்ட் தடவுகிற ஓட்டைத் தகடான ஸ்டென்சிலைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பேஸ்ட் ஒட்டியிருக்கும். துடைத்தபிறகும் வந்தால் ஓட்டையின் அளவைச் சந்தேகப்படுங்கள். ஒரு சின்ன ரெசிஸ்டர் ஒருபக்கமாக எழுந்து நின்றால், அது உட்காருகிற இரண்டு பேடிலும் பேஸ்ட் ஒரே அளவா, இரண்டும் ஒரே நேரத்தில் உருகுகிறதா என்று பாருங்கள்.

நோட்டு போட ஆரம்பித்த முதல் வாரம் டிஃபெக்ட் எண் ஏறும். மேனேஜர் கேட்பார். போர்டு கெட்டுப்போகவில்லை, இதுவரை எழுதாததை இப்போது எழுதுகிறோம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். அடுத்த வீடியோவில், அந்த நோட்டை வைத்து, எந்தத் தப்பு அதிகம் என்று வரிசைப்படுத்துகிற பாரெட்டோ சார்ட் போடுவதைக் காட்டுகிறேன். வரட்டுமா.