தகிட தகிட தக தக

வணக்கம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும், அடுப்படியிலோ வயல் வரம்பிலோ ஓட்டோவிலோ இருந்து இந்த நேரம் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் வணக்கம். நான் ஒலிபெருக்கி கட்டுகிறவன். கோயில் திருவிழா, சாமத்தியவீடு, செத்தவீடு என்று எதற்கும் கூப்பிடுவார்கள். சில வருடமாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எடுக்கிற குறும்படங்களுக்கு ஒலிப்பதிவும் செய்து கொடுக்கிறேன். சினிமாவைப் பற்றிப் பேச வரச்சொன்னார்கள். காதால் கேட்கிற சினிமா என்றால் வருகிறேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், நான் சினிமாவை முதலில் காதால்தான் படித்தேன். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. ஆனால் சைக்கிள் இருந்தது, சைக்கிளில் டைனமோ இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயரை இழுத்து, இடையில் ஒரு டயோட்டும் கண்டென்சரும் வைத்து கசெற் றெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும், மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு புராணப் படத்தின் கதைவசனக் கசெற் இருந்தது. அந்தப் படத்தை நான் கண்ணால் பார்த்தது எத்தனையோ வருடத்துக்குப் பிறகுதான்.

சுற்றுகிற ஆளுக்குக் கை நோகும்தானே? கை தளர்ந்தால் றெக்கோடரின் மோட்டரும் தளரும். அப்போது பார்வதி தேவியின் குரல் மெல்ல மெல்ல இறங்கி, தடித்து, அரக்கன் குரலாகிவிடும். வசனம் அதே வசனம். ஆனால் தேவி பேசுகிற இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து குந்திக்கொண்டு பேசும். என் தங்கைச்சி பயத்தில் அம்மாவின் மடிக்குள் முகத்தைப் புதைப்பாள். நான் சுற்றுகிற முறை வரும்போது வேண்டுமென்றே கையைத் தளர்த்துவேன். அதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன். பயத்தைக் காது வழியாக ஏற்றலாம் என்று அந்தக் கொட்டிலில்தான் எனக்குத் தெரியவந்தது. நான் இனிச் சொல்லப்போகிற ஆளும் இதே வேலையைத்தான் செய்தார். அவரிடம் டைனமோவுக்குப் பதிலாக, கரண்டில் விதவிதமான சத்தம் உண்டாக்கி வாசிக்கிற சிந்தசைசர் இருந்தது.

அவர் பெயர் ஜோன் கார்பென்டர். அமெரிக்கர், 1948இல் பிறந்தவர். பேய்ப்படம் எடுக்கிற மனிதர் என்று பலருக்குத் தெரியும். எனக்கு அவருடைய தொடக்க காலந்தான் பிடிக்கும், கையில் காசில்லாத காலம்.

தகப்பன் கென்டக்கி மாநிலத்தில் போலிங் கிரீன் என்ற ஊரில் சங்கீதப் பேராசிரியர். மகனுக்குச் சின்ன வயதிலேயே வயலின் பழக்கப் பார்த்தார், சரிவரவில்லை. பதின்மூன்று வயதளவில் பொங்கோ என்ற இரட்டைச் சின்ன மேளத்தைக் கொடுத்து ஐந்தடித் தாளம் சொல்லிக்கொடுத்தார். அது மட்டும் மகனுக்குள் இறங்கிவிட்டது. கார்பென்டர் தனக்கு நொட்டேஷன், அதாவது எழுத்தில் உள்ள இசைக்குறிப்பு, வாசிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது என்று தானே சொல்லியிருக்கிறார். இந்த ஐந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

அவர் லொஸ் ஏஞ்சலிஸில் திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே மாணவர்களாகச் சேர்ந்து எடுத்த ஒரு குறும்படத்துக்கு இசையமைத்து, எடிட்டிங் செய்து, எழுத்திலும் பங்கெடுத்தார். 1970இல் வந்த அந்தப் படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது. விருது தயாரிப்பாளர் பெயருக்குப் போனது. பிறகு டார்க் ஸ்டார். மாணவப் படமாகத் தொடங்கி, இழுத்து நீட்டி, 1974இல் தியேட்டருக்கு வந்த விண்வெளிப் படம். மொத்தச் செலவு 60,000 டொலர் அளவுதான். அதில் வரும் வேற்றுக்கிரகப் பிராணி என்ன தெரியுமா? கடற்கரையில் பிள்ளைகள் உதைத்து விளையாடுகிற காற்றடித்த பந்து. அதற்கு வர்ணம் பூசி, கீழே இரண்டு கால் ஒட்டிவிட்டார்கள். அந்தப் படத்துக்கும் இசை அவர்தான். ஏன் என்று கேட்டால், இசையமைப்பாளருக்குக் கொடுக்கக் காசில்லை. தான் செய்தால் செலவில்லை, கெதியாகவும் முடியும். கலைத் தாகம் என்றெல்லாம் அவர் கதை விடவில்லை.

சரி, முகமூடிக் கொலைகாரன் வருகிற அவருடைய ஹாலோவீன் படத்துக்கு வருவோம். 1978. செலவு சுமார் 3 இலட்சம் டொலர். கதை ஒக்டோபர் மாதத்தில், இலை கொட்டுகிற காலத்தில் நடக்கிறது. படம் பிடித்ததோ வசந்த காலத்தில், மரமெல்லாம் பச்சை. கடதாசி இலைகளுக்குப் பழுப்பு வர்ணம் அடித்துத் தெருவில் கொட்டினார்கள். ஒரு காட்சி முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டு, அடுத்த காட்சிக்குத் திரும்பக் கொட்டினார்கள். வேம்பு கொட்டுகிற நாளில் முற்றம் கூட்டுகிற ஆட்களுக்கு அந்தப் பாடு தெரியும். கொலைகாரனின் முகமூடி கடையில் இரண்டு டொலருக்குள் வாங்கினது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் விண்கலக் கப்டனாக நடித்தவரின் முகம் அது. கண் துளையைப் பெரிதாக்கி, வெள்ளையடித்தார்கள், முடிந்தது.

படம் முடிந்தது. இசையும் ஒலிச் சேர்க்கையும் இன்னும் சேரவில்லை. பெரிய ஸ்டூடியோ ஒன்றின் இளம் அதிகாரி ஒருவருக்கு அப்படியே போட்டுக் காட்டினார். அந்தப் பிள்ளை கொஞ்சமும் பயப்படவில்லை. கத்தி வருகிறது, கதவு உடைகிறது, இருட்டுக்குள் முகமூடி நிற்கிறது, ஆள் அசையவில்லை! இசையால்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று கார்பென்டர் ஒலிப்பதிவு ஸ்டூடியோவுக்குள் போனார்.

போய், அந்தப் பொங்கோவின் ஐந்தை எடுத்துப் பியானோவில் வைத்தார். நேயர்களே, பக்கத்தில் மேசையோ சுளகோ பானையோ இருந்தால் என்னோடு தட்டுங்கள். ஐந்து அடி, அதற்குள் பத்துச் சின்ன எண்ணிக்கை. தகிட தகிட தக தக. தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. நாங்கள் இரண்டு காலில் நடக்கிறவர்கள். நாலடித் தாளம் என்றால் உடம்பு தானாக இளகி அதோடு போய்விடும். இது முடிந்தது என்று நீங்கள் காலை வைக்கிற இடத்தில் இன்னும் ஒன்று மிஞ்சி நிற்கும். படியிறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்தால் நெஞ்சு திடுக்கிடுமே, அப்படி. இருட்டில் யாரோ பின்னால் வருகிறார்கள், அவர்களுடைய அடி உங்கள் அடியோடு சேரவில்லை என்பதுபோல.

அந்த இசையை அவர் படத்தைப் பார்த்துப் பார்த்து அமைக்கவும் இல்லை. படத்தை ஓடவிடாமல், சிந்தசைசர் தெரிந்த ஒரு துணையாளோடு துண்டு துண்டாக வாசித்துப் பதிந்து, பிறகு வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டினார். எழுத்தோட்டத்தில், இசை வாசித்தவர்கள் போலிங் கிரீன் பில்ஹார்மொனிக் ஒர்கெஸ்ட்ரா என்று போட்டார். அப்படி ஒரு வாத்தியக் குழு இருக்கவே இல்லை. ஊர்ப் பெயரை வைத்துப் பகிடி விட்டிருக்கிறார்.

இதை நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், போன வருடம் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பொடியள் ஒரு குறும்படம் கொண்டுவந்தார்கள். வயலில் யானைக் காவல் இருக்கிற ஒரு கிழவர், ஒரு இரவு. யானை கடைசிவரை கண்ணில் படாது. நல்ல கதை. ட்ரோனை வாடகைக்கு எடுத்து மேலிருந்தெல்லாம் பிடித்திருந்தார்கள். மைக்குக்கு மட்டும் காசு போதவில்லையாம். வசனத்துக்குள் காற்று இரையுது, தூரத்தில் லான்மாஸ்டர் உழவு மெஷின் போகுது. அதை மூட, இணையத்தில் இறக்கின நூறு வயலின் இசை. ட்ரோனுக்குக் காசு இருக்கும், மைக்குக்கு இருக்காது. இது எங்கள் பிள்ளைகளின் வியாதி. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பேன், கோபித்தாலும் பரவாயில்லை.

இசையை எடுத்துவிட்டு ஊமையாகப் போடு என்றேன். யாரும் பயப்படவில்லை. பிறகு முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்த ஒரு அண்ணாவியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவர். பனிக்குத் தோல் தொய்ந்திருந்தது. சிரட்டைத் தணலில் காட்டி, வாரை இழுத்து, காதை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். கண்டசாபு என்ற ஐந்தெண்ணிக்கைத் தாளம், தக தகிட என்றால் உடனே விரலில் வந்தது. தகிட தகிட தக தக என்று நான் சொல்லவும் நிறுத்திவிட்டார்.

"இது ஆற்றை தாளம் தம்பி? நொண்டுது."

"ஒரு அமெரிக்கற்றை, அண்ணாவியார்."

"அவருக்குக் கால் சுகமில்லையோ?"

என்றாலும் அடித்தார். மூன்றாம் தரம் தானாகவே வேகத்தைக் குறைத்து, இடது பக்கத்தை மட்டும் உள்ளங்கையால் அமத்தி அடித்தார். யானை நெல்லுக்குள் கால் வைக்கிற சத்தம். பொடியள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் படத்தில் இப்போது வயலின் இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். ஐயோ, ஒப்பந்தம் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. கெதியாகச் சொல்கிறேன். ஹாலோவீனுக்கு கார்பென்டர் வாங்கிய சம்பளம் 10,000 டொலர்தான். ஆனால் இலாபத்தில் பங்கும், படத் தலைப்புக்கு மேலே தன் பெயரும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். படம் அமெரிக்காவில் மட்டும் 47 மில்லியன் டொலர் வசூலித்தது. பொடியள், எதையும் வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்குங்கள். தன் படத்துக்குத் தானே இசையமைத்தவர் கார்பென்டர் மட்டுமில்லை. வங்காளப் பட இயக்குநர் சத்யஜித் ராய்கூடத் தொடக்கத்தில் சிதார் ரவிசங்கர் போன்ற பெரியவர்களை வைத்துச் செய்துவிட்டு, 1961இலிருந்து தன் படங்களுக்குத் தானே இசையமைக்கத் தொடங்கினார். அது பெரிய கதை, இன்னொரு நாளைக்குக் கூப்பிட்டால் சொல்கிறேன்.

அண்ணாவியார் அடித்ததைப் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன். முழுதும் போட நேரமில்லையாம், அரை நிமிடம் போடலாம் என்கிறார் தம்பி. சரி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். போடுங்கோ தம்பி.